வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து சிரித்தவர்கள்

எனக்கு அந்த அமெரிக்க டிவி நிகழ்ச்சிகள் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிறு சிரிப்பு வரும், நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வைக்கோல் கட்டுகளின் மேல் உட்கார்ந்து, தோளில் வார் வைத்த முரட்டுக் கால்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, பான்ஜோ என்கிற தந்தி வாத்தியத்தை வாசித்து, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ளும் அந்தப் பழைய டெக்ஸஸ், டென்னசி மனிதர்களை எனக்கு நிஜமாகவே பிடிக்கும்.

எங்கள் முதல் வீடு டல்லாஸிலிருந்து இரண்டரை மணி நேரத் தூரத்தில், கிழக்கு டெக்ஸஸில், பைன் மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய ஊரில். என் கணவருக்கு அங்கே காகித ஆலையில் இன்ஜினியர் வேலை. எனக்கு இருபத்துநான்கு வயது. கணவரோடு ஒட்டி வந்த விசா என்பதால் வேலைக்குப் போகக்கூடாது. கார் ஓட்டத் தெரியாது. அந்த ஊரில் எங்களைத் தவிர வேறு இந்தியக் குடும்பம் இல்லை. எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு டிவி இருந்தது. அதன் மேலிருந்த இரண்டு கம்பிக் கொம்புகளைத் திருப்பித் திருப்பி வைத்தால் மூன்று சேனல்கள் தெரியும்.

அதில் ஒன்றில் சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு அந்த மாதிரி நிகழ்ச்சி வரும். அப்போதே அவை பழையவை, மறு ஒளிபரப்பு. ஒரே நிகழ்ச்சியா, இரண்டு மூன்றா என்றுகூட இப்போது எனக்குத் தெளிவாக இல்லை. ஞாபகத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன. பலகையால் அடித்த ஒரு கொட்டகை செட்டு இருக்கும். குண்டான ஒருவர் பிடில் வாசிப்பார். பெரிய கொண்டை போட்ட பெண் ஒருத்தி, கணவன் விட்டுப்போன சோகத்தைப் பாடி முடித்த அதே மூச்சில், அந்தக் கணவன் சமையலைப் பற்றி ஒரு ஜோக் சொல்வாள். கடைசியில் நான்கு பேர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சாமிப் பாட்டு பாடுவார்கள்.

முதல் மூன்று மாதம் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். புத்தகத்தில் இருந்த ஆங்கிலத்துக்கும் இவர்கள் பேசுவதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு சொல்லை எடுத்து, சேமியா பாயசத்தில் சேமியாவைத் தூக்குவதுபோல நீளமாக இழுத்து, கடைசியில் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

நாலாவது மாதம் ஒரு சனிக்கிழமை, ஒருவர் இன்னொருவரிடம் தன் மச்சான் வீட்டுக் காவலுக்கு வாங்கிய நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "திருடன் வந்தால் குரைக்குமா?" என்று மற்றவர் கேட்டார். "கண்டிப்பாகக் குரைக்கும். திருடன் போன பிறகு. யாரையும் சங்கடப்படுத்துவது அதற்குப் பிடிக்காது" என்றார் அவர்.

எனக்குப் புரிந்துவிட்டது. சோபாவில் தனியாக உட்கார்ந்திருந்த நான் சத்தமாகச் சிரித்தேன். சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கணவர் டம்ளரோடு ஓடி வந்தார்.

"என்ன புள்ள? என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங். நாயி."

"நாயா? எங்க?"

அவருக்கு விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் ஆனது. சொல்லி முடித்ததும் அவரும் சிரித்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பார் அவர். கல்யாணமாகி அதுவரை அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் முதல் முறை. அதன் பிறகு சனிக்கிழமை ஆறு மணி என்றால் இருவரும் சோபாவில் இருப்போம். எங்கேயும் போகமாட்டோம். போக இடமும் இல்லை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைச் சொன்னால்தான் எனக்கு ஏன் அவர்களை விட முடியவில்லை என்பது புரியும்.

நான் காங்கேயம் பக்கம். வீட்டில் நாங்கள் 'ங்க' போடாமல் வாயைத் திறக்கமாட்டோம். பதினேழு வயதில் படிக்கச் சென்னைக்குப் போனேன். ஹாஸ்டலில் முதல் நாள் தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டேன். "ஏனுங், தண்ணி எங்கீங் புடிக்கறது?" என்றேன். என் அறையில் இருந்த இரண்டு பெண்களும் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். அதன் பிறகு மூன்று வருடமும் எனக்கு 'ஏனுங்' என்றுதான் பெயர். என் சொந்தப் பெயரை எத்தனை பேர் அறிந்திருந்தார்கள் என்றே சந்தேகம். இரண்டாவது வருடத்தில் நான் சென்னைப் பேச்சைக் கற்றுக்கொண்டேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்து அந்தப் பேச்சைப் பேசினேன். நாங்கள் ஐயன் என்று கூப்பிடும் என் அப்பா திட்டவில்லை. என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். வெளியாள் ஒருத்தி வீட்டுக்கு வந்தமாதிரி என்னைப் பார்ப்பார்.

கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பேச்சோடுதான் அமெரிக்கா வந்தேன். கணவர் பெருந்துறைப் பக்கம். அவர் 'வாங்', 'போங்' என்று பேச, நான் 'வந்துட்டீங்களா, சாப்பிடறீங்களா' என்று சினிமாக் கதாநாயகிபோலப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வைக்கோல் கட்டு மனிதர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பேச்சைக் கேட்டு நியூயார்க் நகரத்துக்காரர்கள் எத்தனை சிரித்திருப்பார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அந்தப் பேச்சை இன்னும் ஒரு முழம் இழுத்துப் பேசினார்கள். நல்ல விளக்கு வெளிச்சத்தில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு, நாடே பார்க்கும்படி. அவர்கள் பேச்சில் நடு நடுவே 'யால்' என்று ஒரு சொல் வரும். நீங்க எல்லாரும் என்று அர்த்தம். அது எனக்கு எங்கள் ஊர் 'ங்க' மாதிரியே கேட்டது. கணவரிடம் நாயைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு நான் "ஒண்ணுமில்லீங்" என்று சொன்னதை அவர்தான் கவனித்துச் சொன்னார். "நம்மூரு மாதிரிப் பேசறயே" என்றார். அதற்குப் பிறகு நான் சென்னைப் பேச்சுக்குத் திரும்பிப் போகவில்லை.

என் ஆங்கிலமும் அந்த டிவியிலிருந்து வந்ததுதான். பின்னாளில் க்ரீன் கார்டு வந்தது, மகள் பிறந்தாள், கணவர் வேலை மாறி டல்லாஸ் பக்கத்து ஆலனுக்கு வந்தோம். ஒரு பல் டாக்டர் ஆபீசில் முன் மேஜையில் எனக்கு வேலை கிடைத்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். போனில் என் குரலைக் கேட்டுவிட்டு நேரில் வருபவர்கள், மேஜைக்குப் பின்னால் பொட்டு வைத்த என்னைப் பார்த்துவிட்டு, என் தோளுக்கு மேலே எட்டி எட்டி வேறு யாரையோ தேடுவார்கள். "போனில் பேசிய அந்த லேடி எங்கே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்றேன், அதே டெக்ஸஸ் இழுப்பில். அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு பல் வலிக்காமலேயே வர ஆரம்பித்தார்.

ஆலனில் நம்மவர்கள் நிறைய. வார இறுதியில் யார் வீட்டிலாவது, ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோகும் பாட்லக் இருக்கும். வந்த புதிதில் அப்படி ஒரு வீட்டில், ஆண்கள் கிரிக்கெட் தேடி ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தபோது அந்தக் கொட்டகையும் பிடிலும் திரையில் வந்து போயின.

"ஐயோ, இதையெல்லாம் யாருங்க பாக்குறாங்க?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார்.

"நான் பாக்கறனுங்" என்றேன்.

 யாரோ ஒருவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அந்த சேனலுக்கே வைங்க, ஒரு பாட்டு பாத்துட்டு மாத்திக்கலாம்" என்றேன். யாரும் திருப்பி வைக்கவில்லை. அன்று சாம்பார் சாதம் பரிமாறும்போது அந்த அம்மா என்னிடம், "உங்களுக்கு இங்க வந்து ரொம்ப நாளாச்சோ? அந்தப் பக்கத்து ஆளாவே ஆயிட்டீங்க" என்றார். பாராட்டில்லை என்று தெரியும். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் சொன்னதை எல்லாம் தள்ளிவிட்டுப் போக முடிந்தது. மகள் சொன்னதை அப்படித் தள்ள முடியவில்லை. அவள் இப்போது ஜெர்சி சிட்டியில் இருக்கிறாள். மன்ஹாட்டனில் ஒரு வங்கிக்குச் சாப்ட்வேர் வேலை. இரண்டு வருடம் முன்பு தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்திருந்தாள். நானும் கணவரும் யூட்யூபில் ஒரு பழைய எபிசோடைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சுவரில் சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். தமிழ் நன்றாகப் புரியும் அவளுக்கு. பதில் மட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும்.

"அம்மா, லுக் அட் தெம். ஒரு முகம் சொல்லு, நம்மள மாதிரி. ஒன் ஃபேஸ்."

"இல்லதான்."

அந்த மேடைகளில் பின்னால் சில சமயம் அடிமைமுறைக்காகச் சண்டை போட்ட தென் மாநிலங்களின் கொடி தொங்கியது எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். அந்தப் பெண்களுக்கு ஏன் அவ்வளவு குட்டைப் பாவாடை என்று கேட்டாள். அந்த ஊர்க்காரர்கள் என்னைத் தெருவில் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டாள். ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. கடைசியாக, "தே வுட் ஹேவ் லாஃப்ட் அட் யூ, அம்மா. நாட் வித் யூ" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்காகத்தான் அவளுக்குக் கோபம்.

நான் அவளுக்கு ஒன்றைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. நாங்கள் பார்க்க ஆரம்பித்த முதல் வருடத்திலேயே ஒரு சனிக்கிழமை, தலையில் துண்டைச் சுற்றி, முகத்தில் எதையோ பூசிக்கொண்டு, ஒருவர் நம் ஊர்ச் சாமியாராக வந்தார். மகுடி ஊதினார். கூடைக்குள்ளிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் எழுந்து வந்தது. கொட்டகை முழுக்கச் சிரித்தது. நானும் கணவரும் சிரிக்கவில்லை. நான் எழுந்து டிவியை அணைத்தேன். அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கு இருவரும் டிவி போடாமல் உட்கார்ந்திருந்தோம். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அதற்கு அடுத்த வாரம் நானே எழுந்து போய்ப் போட்டேன்.

"ஒய்?" என்றாள் மகள்.

"அவங்க பண்ணுனது தப்பு. அது எனக்கு அப்பவே தெரியும், நீ சொல்லித் தெரியோணும்னு இல்ல. ஆனா அந்த ஒருத்தன் பண்ணுன தப்புக்காக என்ற சிரிப்பை நான் எதுக்குக் கண்ணு விட்டுத்தரோணும்? அந்த வருசம் எனக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதான்."

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டாள். நானும் அவளைச் சமாதானப்படுத்தப் போகவில்லை. சில விஷயங்களில் அவளும் நானும் ஒத்துப்போகத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. நம்மள மாதிரி ஒரு முகம் சொல்லு என்றாளே. இல்லையென்றால் இருக்கும்படி செய்துவிட்டுப் போகிறேன் என்று தோன்றியது.

போன வருடம் பொங்கல் விழாவுக்கு எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தில் நிகழ்ச்சி கேட்டு மெயில் வந்தது. நான் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். 'வைக்கோல் மேடை. நகைச்சுவையும் இசையும். பத்து நிமிடம்.' எங்கள் பல் ஆபீசில் பல் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கும் வெள்ளைக்கார அம்மா என்னைவிட இரண்டு வயது பெரியவர், கிழக்கு டெக்ஸஸில் பிறந்தவர். அவர் கணவர் பான்ஜோ வாசிப்பார். இருவரையும் கேட்டேன். "நிஜமாகவா? உங்கள் ஆட்கள் முன்னாலா?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மா உடனே தன் பழைய தொப்பி எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்துக் கலை நிகழ்ச்சிச் செயலாளர் போன் செய்தார். சென்னைக்காரர், என் மகளைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம்.

"ஆண்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஐட்டம் ரிவ்யூ பண்ணோம். இது நம்ம கல்ச்சர் ப்ரோக்ராம் இல்லையா, கன்ட்ரி மியூசிக்கெல்லாம் எப்படி செட் ஆகும்னு கமிட்டில ஃபீல் பண்றாங்க."

"ஏனுங் தம்பி, போன வருசம் குழந்தைங்க ஆடுன பதினாலு சினிமாப் பாட்டும் கல்ச்சருங்களா?"

"அது வேற ஆண்ட்டி. கிட்ஸ்."

"நானும் வேறதானுங்."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஓகே ஆண்ட்டி, ஒண்ணு பண்ணலாம். லஞ்ச் டைம்ல ஒரு ஸ்லாட் இருக்கு. ஆறு நிமிஷம். அப்புறம் அந்த ஸ்லாங் மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கோங்க. எல்லாருக்கும் புரியணும் இல்ல?" என்றார்.

"ஸ்லாட்டைக் குடுங்க. ஸ்லாங்கைக் கொறைக்க மாட்டனுங்" என்றேன். போனை வைத்தேன்.  பதினேழு வயதில் அந்த ஹாஸ்டல் அறையில் சொல்லியிருக்க வேண்டியதை ஐம்பத்தைந்து வயதில் சொல்லியிருந்தேன்.

விழா ஒரு பள்ளிக்கூடத்துக் கஃபட்டீரியாவில். நிஜ வைக்கோல் கொண்டுவரக்கூடாது, தீப்பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். கணவர் நான்கு அட்டைப் பெட்டிகளுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, அதன்மேல் கறுப்பு மார்க்கரால் கோடு கோடாக வைக்கோல் வரைந்திருந்தார். தூரத்தில் பார்த்தால் வைக்கோல் கட்டு. கிட்டத்தில் பார்த்தால் டயப்பர் கம்பெனியின் பெயர் தெரியும். நான் கண்டாங்கிச் சேலை கட்டி, தலையில் அந்த அம்மாவின் தொப்பியை வைத்துக்கொண்டு, ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். பெட்டி லேசாக உள்வாங்கியது.

மக்கள் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பான்ஜோ ஆரம்பித்தது. பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள், பாதிப் பேர் வடை தீர்ந்துவிடுமோ என்று முன்னால் பார்த்தார்கள். என் முதல் ஜோக் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. பொய் சொல்லமாட்டேன், அந்த நான்கைந்து நொடிகளில் எனக்கு எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. செயலாளர் சுவரோரம் கையைக் கட்டி நின்றிருந்தார்.

நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இரண்டாவதைத் தொடங்கினேன்.

"என்ற ஊட்டுக்காரரு சனிக்கிழமையானா புல்லு வெட்டறாருங். எங்கய்யன் ஊர்ல புல்லு மொளைக்கோணும்னு மானத்தப் பாத்துக் கும்பிடுவாரு. இவரு இங்க, ஏன்டா மொளைக்குதுன்னு மானத்தப் பாத்துத் திட்டறாரு. வெட்டாட்டிக் குடியிருப்போர் சங்கத்துல இருந்து லெட்டர் வந்துருது. நான் சொன்னனுங், ஒரு மாட்டை வாங்கிக் கட்டிப்போட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதின்னு. சரீன்னு சங்கத்துக்குப் போன் போட்டு பெர்மிஷன் கேட்டாருங்."

வெள்ளைக்கார அம்மாவுக்கு என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர் தமிழிலேயே கேட்டார். "என்ன்ன சொன்னாங்க்?"

"மாடு வச்சுக்கலாமாமுங். கலரு மட்டும் ஊட்டுப் பெயின்ட்டுக்கு மேட்ச்சா இருக்கோணுமாம்."

சிரிப்பு பின்பக்கத்திலிருந்து வந்தது. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த பெற்றோர்கள் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வந்ததிலிருந்து அந்தப் புல்லையும் அந்த லெட்டரையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி இரும ஆரம்பித்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுக்க எழுந்த அம்மா, "ஏனுங் அம்முணி, எந்த ஊருங் நீங்க?" என்று அங்கிருந்தே கத்தினார். "காங்கேயமுங்!" என்று நான் மைக்கில் கத்தினேன். அது ஸ்கிரிப்டில் இல்லை. பான்ஜோக்காரர் அதற்கும் ஒரு இழுப்பு இழுத்தார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். முன்வரிசைக் குடும்பங்கள் சில பேசாமல் சாப்பிட்டன. ஆறு நிமிடம் ஒன்பது நிமிடமாகிவிட்டது. மைக்கை அணைக்கச் சொல்லி இரண்டு முறை கை காட்டினார்கள். நான் பார்க்காதமாதிரி இருந்தேன்.

மறுநாள் சங்கத்து வாட்ஸப்பில் ஒருவர், அடுத்த வருடம் தரக் கட்டுப்பாடு வேண்டும் என்று எழுதினார். இன்னொருவர் 'காட்டான் காமெடி' என்று போட்டு, கீழே சிரிக்கும் முகம் ஒன்றை வைத்தார். கணவர், "உடு புள்ள, பதில் போடாத" என்றார். நான் போட்டேன். 'ஆமாங், காட்டுலயும் மேட்டுலயும் பாடுபட்டவங்க புள்ளைதானுங் நான். அடுத்த வருசம் பதினஞ்சு நிமிசம் வேணுமுங்.'

கணவர் எடுத்த வீடியோவை மகளுக்கு அனுப்பியிருந்தார். இரண்டு நாள் பதிலில்லை. பிறகு போன் செய்தாள். "தி கவ் ஜோக் வாஸ் குட்" என்றாள். கொஞ்சம் விட்டு, "ஐ ஸ்டில் ஹேட் தட் ஷோ" என்றாள்.

"தாராளமா வெறுத்துக்கோ கண்ணு" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் இன்றுவரை மாறவில்லை, நானும்தான்.

இந்த வருடத்துக்கான மெயில் போன வாரம் வந்தது. பெரியவர்களின் நகைச்சுவை நிகழ்ச்சிகள் முன்கூட்டியே எழுதித் தரப்பட வேண்டும் என்று புதிதாக ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள். யாருக்காக என்று கேட்கத் தேவையில்லை. எழுதிக் கொடுத்தேன். ஒரு 'ங்க'கூடக் குறைக்காமல் பதினோரு பக்கம். மொழி என்ற கட்டத்தில் 'கொங்குத் தமிழ், டெக்ஸஸ் இங்கிலீஷ்' என்று நிரப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் கராஜில் ஒத்திகை வைத்திருக்கிறோம்.